ஸ்கேனில் 'கட்டி'ன்னு வந்த அன்னைக்கே தோப்பை விற்கலாமா? குழந்தையின் அரிய நோயும் நம்ம குடும்பக் கணக்கும்



போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆபீஸ் மூடுற நேரம். ஆறு வருஷமா என்னிடம் ஜிஎஸ்டி கணக்கு கொடுக்கிற ஒரு கடைக்காரர் உள்ளே வந்தார். நாகர்கோவில் பக்கம் சின்னதா ஹார்டுவேர் கடை வச்சிருக்கார். வழக்கமா பில் கட்டோட வர்றவர், அன்னைக்கு வெறுங்கையோட வந்து உட்கார்ந்தார்.

"சாரே, அப்பா எழுதி வச்ச நாற்பது சென்ட் தோப்பு இருக்குல்லா, அதை வித்தா டாக்ஸ் எவ்வளவு வரும்?"

"எதுக்கு இப்ப விக்கணும்?"னு கேட்டேன். அவர் பதில் சொல்லாம போனை எடுத்து ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினார். ஆறு வயசுப் பையன். சிறுநீர்ப்பையின் ஒரு பக்கச் சுவர் தடிச்சு, உள்ளே கட்டி மாதிரி தெரியுது, புற்றுநோயா இல்லையான்னு பார்க்கணும்னு கடைசி வரியில் எழுதியிருந்தது.

"புரோக்கர் நாளைக்கே அட்வான்ஸ் தர ரெடியா இருக்கார். சென்ட்டுக்கு ஒரு லட்சம் போற இடம். ஒரே வாரத்தில் கிரயம் முடிக்கணும்னா எண்பதாயிரம்னு சொல்லுகார். பிள்ளையை விட பைசா பெரிசா சாரே?"

அந்தக் கேள்விக்கு யாராலும் 'ஆமா'ன்னு சொல்ல முடியாது. ஆனா நான் கேட்டது வேற: "டாக்டர் இது கேன்சர்னு சொல்லிட்டாரா?" "இல்ல, வியாழக்கிழமை பயாப்ஸி எடுக்கணும்னு சொன்னார்." "அப்ப அதன் ரிசல்ட் வர்ற வரைக்கும் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீங்க. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்ன வேணுமோ அதுக்கு மட்டும் வழி பண்ணுவோம்."

இந்தப் பதிவு அந்த ஒரு வாரத்தைப் பற்றியது. ஒரு குடும்பம் தன் பெரிய பணத் தப்பைப் பண்றது பெரும்பாலும் நோய்க்குப் பெயர் வைக்கிறதுக்கு முந்தின வாரத்தில்தான். அவர் சம்மதத்தோட எழுதுறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன், ரூபாய்க் கணக்கை ரவுண்டு பண்ணியிருக்கேன்.

அது என்ன நோய்?

நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர். ஆனா செலவு ஏன் இப்படி வந்ததுன்னு புரியணும்னா நோயைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும்.

பையனுக்கு வந்தது இயோசினோபிலிக் சிஸ்டைட்டிஸ். சிஸ்டைட்டிஸ்னா சிறுநீர்ப்பை அழற்சி. இயோசினோபில் என்பது நம் ரத்தத்தில் இருக்கிற ஒரு வகை வெள்ளை அணு. 'ஈசனோபிலியா இருமல்'னு நம்ம ஊர்ல கேள்விப்பட்டிருப்பீங்க, அதே அணுதான். அலர்ஜி, புழுத் தொற்று மாதிரி விஷயங்களில் இது அதிகமாகும். இந்த நோயில் அந்த அணுக்கள் சிறுநீர்ப்பையின் சுவருக்குள்ளே போய்க் கூடி, சுவரை வீங்க வைக்குது.

அறிகுறிகள் எல்லாம் சாதாரண யூரின் இன்ஃபெக்‌ஷன் மாதிரியே இருக்கும். அடிக்கடி ஒண்ணுக்கு வரும், போகும்போது எரியும், அடிவயிறு வலிக்கும், சில நேரம் ரத்தம் கலந்து வரும். சிலருக்கு சிறுநீர் அடைச்சுக்கும். அதனால முதலில் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறது இயல்பு. இந்தப் பையனுக்கும் இரண்டு கோர்ஸ் கொடுத்தாங்க. யூரின் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரலை, எரிச்சலும் நிக்கலை. மூணாவது முறை ரத்தம் வந்தப்போதான் ஸ்கேன்.

ஸ்கேன்லதான் பெரிய பயம். குழந்தைகளுக்கு இந்த அழற்சி சில சமயம் சுவரில் ஒரே இடத்தில் திரண்டு, கட்டி மாதிரியே தெரியும். குழந்தைகளின் சிறுநீர்ப்பையில் வரக்கூடிய ராப்டோமயோசார்கோமா என்ற புற்றுநோயும் ஸ்கேனில் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரியும். படத்தை மட்டும் வச்சுப் பிரிச்சுச் சொல்றது ரொம்பக் கஷ்டம். ரத்தத்தில் இயோசினோபில் அளவு கூடியிருந்தா ஒரு துப்பு, ஆனா எல்லாருக்கும் அது கூடுறதில்லை. சிஸ்டோஸ்கோப்பி என்ற குழாய்க் கேமராவை உள்ளே விட்டு, கொஞ்சம் திசு எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்.

எவ்வளவு அரிதுன்னா, மருத்துவ உலகம் இதைத் தனி நோயா முதல்ல பதிவு செஞ்சதே 1960-ல்தான். பிரவுன், பலுபின்ஸ்காஸ் என்ற இருவர் அந்த வருஷம் தனித்தனியா எழுதினாங்க. அதுக்கு நாற்பது வருஷம் கழிச்சு, 2000-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மருத்துவ இதழ்களில் இருந்து திரட்ட முடிஞ்சது 135 பேரோட விவரம்தான். அதனால உங்க ஊர் டாக்டர் தன் வாழ்நாளில் ஒரு கேஸ்கூடப் பார்க்காம இருந்திருக்கலாம். அது அவர் தப்பில்லை.

சிகிச்சை? காரணமா இருக்கிற உணவோ மருந்தோ தெரிஞ்சா அதை நிறுத்துவாங்க. அலர்ஜி மாத்திரை, தேவைப்பட்டா ஸ்டீராய்டு மாத்திரை. குழந்தைகளில் பலருக்கு இதிலேயே அடங்கிடும். சிலருக்கு விடாம நீடிக்கும், சிலருக்கு திரும்பி வரும். கவனிக்காம விட்டா சிறுநீர்ப் பாதை அடைச்சு சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அதனால தொடர்ந்து செக்கப் அவசியம். இன்னொண்ணு, ஸ்டீராய்டு கொடுக்கிறதுக்கு முன்னாடி காசநோய், புழுத் தொற்று மாதிரி விஷயங்கள் இல்லைன்னு டாக்டர் பார்க்கணும். இதைப் படிச்சிட்டு யாரும் மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கேட்டு வாங்கிடாதீங்க, டாக்டர் கொடுத்ததை நீங்களா நிறுத்தவும் செய்யாதீங்க. குழந்தைக்கு சிறுநீரில் ரத்தம் வந்தா, எவ்வளவு கொஞ்சமா இருந்தாலும், அன்னைக்கே டாக்டர்.

கடைசியில் எவ்வளவு செலவாச்சு?

பயாப்ஸி ரிசல்ட் ஒன்பது நாள் கழிச்சு வந்தது. புற்றுநோய் இல்லை. போனில் அவர் பேசினது பாதி புரியலை, அழுதுட்டே பேசினார். அப்புறம் நிதானமா உட்கார்ந்து, பத்து வாரத்துச் செலவை ஒரு தாளில் எழுதினோம்:

- டாக்டர் ஃபீஸ், யூரின், கல்ச்சர், ரத்தப் பரிசோதனைகள்: ரூ. 9,000
- இரண்டு அல்ட்ராசவுண்ட், ஒரு எம்ஆர்ஐ: ரூ. 16,000
- திருவனந்தபுரத்துக்குப் போக்குவரத்து, லாட்ஜ், சாப்பாடு: ரூ. 14,000
- கடை அடைச்ச நாட்களின் வருமான இழப்பு, அம்மாவின் சம்பளப் பிடித்தம்: ரூ. 22,000
- அட்மிஷன், சிஸ்டோஸ்கோப்பி, மயக்க மருந்து, பயாப்ஸி: ரூ. 68,000
- மாத்திரைகள்: ரூ. 3,000

மொத்தம் ரூ. 1,32,000.

கடைசி வரியை இன்னொரு தடவை பாருங்க. நோயைக் குணப்படுத்திய மாத்திரைக்கு ஆனது மூவாயிரம் ரூபாய். மீதி ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரமும் நோய் என்னன்னு கண்டுபிடிக்கிற பாதையில் போனது. அரிய நோய்னா மருந்து கோடிக்கணக்கில்னு நினைக்கிறோம். சில நோய்களுக்கு அது உண்மை. ஆனா இது மாதிரி நோய்களில் காசு தின்றது மருந்து இல்லை, 'என்னன்னு தெரியலை' என்கிற அந்த இடைவெளிதான்.

இப்ப இதைத் தோப்போட ஒப்பிடுங்க. சென்ட்டுக்கு இருபதாயிரம் குறைச்சு, நாற்பது சென்ட். அவசரத்துக்காக அவர் விட்டுக்கொடுக்க இருந்தது எட்டு லட்சம் ரூபாய். மொத்த வைத்தியச் செலவைப் போல ஆறு மடங்கு.

"ஒருவேளை அது கேன்சரா இருந்திருந்தா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அப்பவும் முதல் நாளே முழுத் தொகையும் தேவைப்பட்டிருக்காது. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மாசம், இன்சூரன்ஸ் எவ்வளவு, அரசுத் திட்டம் எவ்வளவுன்னு தெரிஞ்ச பிறகு, தேவைப்பட்டா தோப்பை நியாய விலைக்கு விற்க ஒரு மாச அவகாசம் கிடைச்சிருக்கும். ஒண்ணு மட்டும் தெளிவா வச்சுக்கோங்க: பரிசோதனையை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க. தள்ளிப் போட வேண்டியது திரும்ப எடுக்க முடியாத பண முடிவை மட்டும்.

இன்சூரன்ஸில் அவர் மாட்டிக்கிட்ட இடம்

அவரிடம் குடும்பம் முழுக்கச் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு ஒரு ஃப்ளோட்டர் பாலிசி இருந்தது. எடுத்து பதினாலு மாசம். ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் படிவத்தில் 'சிறுநீர்ப்பைக் கட்டி'ன்னு எழுதி அனுப்பினாங்க. சில மணி நேரத்தில் மறுப்பு வந்தது. காரணம்: புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்கு இரண்டு வருஷக் காத்திருப்புக் காலம்.

இது நிஜமாவே பாலிசியில் இருக்கிற வரிதான். எல்லா நிறுவனமும் விற்கிற ஸ்டாண்டர்டு பாலிசியான ஆரோக்ய சஞ்சீவனியை எடுத்துப் பாருங்க. 24 மாதக் காத்திருப்புப் பட்டியலில் கண்புரை, குடலிறக்கம், சிறுநீரகக் கல் எல்லாம் இருக்கிற அதே இடத்தில், சாதாரணக் கட்டிகள், நீர்க்கட்டிகள், பாலிப்களும் இருக்கும். கட்டின்னு எழுதினா அந்தப் பட்டியலுக்குள்ளே போயிடும். ஆனா அழற்சி என்பது கட்டி இல்லை. பயாப்ஸி வர்றதுக்கு முன்னாடி அது ஆஸ்பத்திரிக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது.

இங்கே மூணு விஷயம் தெரிஞ்சுக்கோங்க.

ஒண்ணு, கேஷ்லெஸ் மறுப்பு என்பது க்ளெய்ம் மறுப்பு இல்லை. கையில் இருந்து கட்டிட்டு, பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். இவர் அப்படித்தான் செஞ்சார். பயாப்ஸி ரிப்போர்ட்டையும், இறுதி நோய்ப் பெயர் எழுதின டிஸ்சார்ஜ் சம்மரியையும் சேர்த்து, 'இது கட்டி அல்ல, அழற்சி'ன்னு ஒரு பக்கக் கடிதம் வச்சோம்.

இரண்டு, 'பரிசோதனைக்காக மட்டும் அட்மிஷன்' என்ற விலக்கு. நோயைக் கண்டுபிடிக்கிறதுக்காக மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தா பணம் கிடைக்காதுன்னு எல்லா பாலிசியிலும் ஒரு நிலையான விதி இருக்கு. அரிய நோய்களில் இந்த விதி அடிக்கடி எட்டிப் பார்க்கும். இவர் விஷயத்தில், சிஸ்டோஸ்கோப்பி நடந்தப்போ ரத்தக் கசிவையும் கட்டுப்படுத்தியிருந்தாங்க, அட்மிஷனிலேயே சிகிச்சையும் தொடங்கியிருந்தாங்க. ஆனா டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பிரதியில் அது ஒரு வரிகூட இல்லை. டாக்டரிடம் கேட்டு, நடந்ததை முழுசா எழுதி வாங்கினோம். கவனிங்க, டாக்டரிடம் இல்லாததை எழுதச் சொல்லாதீங்க. அது மோசடி, பாலிசியே போயிடும். நடந்தது எதுவும் விடுபடாம எழுதச் சொல்லுங்க, அது உங்க உரிமை.

மூணு, அட்மிஷனுக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்கள். ஆரோக்ய சஞ்சீவனியில் அட்மிஷனுக்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை, அதே நோய்க்கான டெஸ்ட், டாக்டர் ஃபீஸ், மருந்துச் செலவைக் கேட்கலாம். பல பாலிசிகளில் இதைவிட அதிக நாள் இருக்கும். பெரும்பாலானவங்க அட்மிஷன் பில்லை மட்டும் கொடுத்துட்டு இதை விட்டுடறாங்க. இவர் மனைவி எல்லா லேப் பில்லையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வச்சிருந்தாங்க. அந்த டப்பா மட்டும் பதினாறாயிரம் ரூபாய் வாங்கிக் கொடுத்தது.

கடைசியில் வந்தது: அட்மிஷன் பில்லில் ரூ. 63,000 (கையுறை மாதிரி சில்லறைப் பொருட்கள் ரூ. 5,000 கழிச்சு), முந்தைய டெஸ்ட்களுக்கு ரூ. 14,000, பிந்தைய மருந்துக்கு ரூ. 2,000. ஆக ரூ. 79,000. கையை விட்டுப் போனது ரூ. 53,000.

ஒருவேளை க்ளெய்மையே மறுத்தா? ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் போட்ட சுற்றறிக்கைப்படி, கம்பெனியின் ஒரு பரிசீலனைக் குழு பார்க்காம க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது, எந்த விதிப்படி நிராகரிக்கிறாங்கன்னு சொல்லணும். அந்த விதியைக் குறிப்பிட்டு முதல்ல கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்க. 30 நாளில் பதில் வரலைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். நமக்கு சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான புகாரைப் பார்ப்பாங்க. கம்பெனி மறுத்த நாளில் இருந்து ஒரு வருஷத்துக்குள்ளே போகணும்.

இன்னொரு பயமும் அவருக்கு இருந்தது: "இனி ரினியூவல் தருவாங்களா?" க்ளெய்ம் வாங்கினதைக் காரணம் காட்டி ரினியூவலை மறுக்க முடியாது. ஆனா வேற கம்பெனிக்கு மாறினாலோ, புதுசா பாலிசி எடுத்தாலோ, இந்த நோயைக் கட்டாயம் சொல்லணும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சம் 36 மாசம் காத்திருக்க வைக்கலாம். ஐந்து வருஷம் இடைவெளி இல்லாம கட்டின பிறகு, மோசடியை நிரூபிச்சாலொழிய, 'நீங்க சொல்லாம மறைச்சீங்க'ன்னு காரணம் காட்ட முடியாது. அதனால இந்தக் குடும்பத்துக்கு என் ஒரே அறிவுரை: பழைய பாலிசியை ஒரு நாள்கூட லாப்ஸ் ஆக விடாதீங்க.

பாலிசி இல்லாத குடும்பம்?

நம்ம மாவட்டத்தில் ரப்பர் வெட்டுறவங்க, மீன்பிடிக்கிறவங்க, முந்திரி ஆலைக்குப் போறவங்க பலரிடம் தனியார் பாலிசி இருக்காது. அவங்களுக்கு முதல் வாசல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. யூரின் டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் அங்கே தொடங்கலாம். மேற்கொண்டு தேவைப்பட்டா அவங்களே பெரிய மையத்துக்கு அனுப்புவாங்க.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 1,20,000-க்குள் இருந்தா, வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. ரேஷன் கார்டு, விஏஓ-விடம் வருமானச் சான்று, ஆதாரோட கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிற மையத்தில் பதிவு செய்யலாம். இலவச எண் 1800 425 3993. ஆனா எல்லா ஆஸ்பத்திரியும், எல்லாச் சிகிச்சையும் இதில் வராது. பட்டியலில் இருக்கான்னு கேட்டுட்டு அட்மிட் ஆகுங்க. நாம திருவனந்தபுரம் பஸ் ஏறுறது பழக்கம், களியக்காவிளை தாண்டினா மாநிலம் மாறுது. நம்ம திட்டம் அங்கே செல்லுமான்னு ஏறுறதுக்கு முன்னாடி அந்த எண்ணில் கேளுங்க. தனியார் பாலிசிக்காரங்களும் அந்த ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருக்கான்னு பார்க்கணும்.

வாட்ஸ்அப்பில் 'அரிய நோய்க்கு மத்திய அரசு 50 லட்சம் தருது'ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. அது பாதி உண்மை. 2021 அரிய நோய்க் கொள்கையின் கீழ் அந்த உதவி உண்டு. குறிப்பிட்ட சிறப்பு மையங்கள் வழியாத்தான் கிடைக்கும். நமக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மையம் திருவனந்தபுரம் எஸ்ஏடி மருத்துவமனை. ஆனா உதவி அந்தக் கொள்கையின் பட்டியலில் உள்ள நோய்களுக்குத்தான். இயோசினோபிலிக் சிஸ்டைட்டிஸ் அதில் இல்லை. அரிதா வர்ற நோய் எல்லாம் அரசுப் பட்டியலில் இருக்கிற அரிய நோய் ஆகாது.

பணத்தை எந்த வரிசையில் எடுக்கிறது?

அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்க போட்ட வரிசை இதுதான். திரும்ப மீட்க முடிஞ்சது முதலில், மீட்க முடியாதது கடைசியில்.

1. சேவிங்ஸ் கணக்கு, ஆர்டி, எஃப்டி. எஃப்டியை உடைக்க மனசில்லைன்னா அதன் மேல் கடன் கிடைக்கும்.
2. பேங்கில் நகைக்கடன். ஒரு லட்சம், பத்து சதவீத வட்டி, ஆறு மாசம்னா வட்டி ஐயாயிரம். நகை திரும்ப வந்துடும். தோப்பு வராது.
3. பதிவு பெற்ற சீட்டு. ஏலத்தில் எவ்வளவு தள்ளுபடி போகுதுன்னு கணக்குப் போட்டு எடுங்க.
4. பிஎஃப் இருக்கிறவங்க, குடும்பத்தாரின் மருத்துவத்துக்கு அதில் இருந்து எடுக்கலாம்.
5. நிலம், வீடு கடைசியில். அதுவும் நோயின் பெயரும் செலவுக் கணக்கும் கையில் வந்த பிறகு.

பட்டியலில் மீட்டர் வட்டி இல்லைன்னு கவனிச்சிருப்பீங்க. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிரா 2003-லேயே சட்டம் இருக்கு. ஆனா ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது சட்டம் ஞாபகம் வராது. அதனாலதான் இந்த வரிசையை இன்னைக்கே எழுதி வைக்கச் சொல்றேன்.

ரொக்கத்திலும் கவனம். ஒரே சிகிச்சைக்கு இரண்டு லட்சம் ரூபாயோ அதுக்கு மேலோ ரொக்கமா எந்த ஆஸ்பத்திரியும் வாங்கக் கூடாது. தெரிஞ்சவரிடம் கடன் வாங்கினாலும் இருபதாயிரமோ அதுக்கு மேலோ ரொக்கமா வாங்காதீங்க, பேங்க் வழியா வாங்குங்க. அவசரம்தானேன்னு செஞ்சது பின்னாடி நோட்டீஸா வரும்.

வரியில் என்ன கிடைக்கும்?

உண்மையைச் சொல்றேன், கொஞ்சம்தான்.

பழைய வரி முறையில் இருந்தா, 80டி-ன்னு நமக்குப் பழகின சலுகையில் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கான பிரீமியம் 25,000 வரை கழிக்கலாம். ஆனா இன்சூரன்ஸ் இல்லாம நேரடியா செய்த வைத்தியச் செலவைக் கழிக்கிற வசதி சீனியர் சிட்டிசன்களுக்குத்தான். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது இல்லை. 80டிடிபி-ல் 40,000 வரை கழிக்கலாம்னு சிலர் சொல்வாங்க. அது புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, தலசீமியா மாதிரி பட்டியலிட்ட நோய்களுக்கு. இந்த நோய் அதில் வராது. 'புற்றுநோய் சந்தேகம்'னு எழுதின ஸ்கேனை வச்சு யாரும் க்ளெய்ம் பண்ணாதீங்க. புதிய வரி முறையில் இருந்தா இந்த இரண்டுமே இல்லை.

ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 18 சதவீதம் கட்டிட்டு இருந்தோம். 'பிரீமியம் கட்டுப்படியாகலை'ன்னு தள்ளி வச்சவங்க இப்ப ஒருமுறை விலை கேட்டுப் பாருங்க. காத்திருப்புக் காலம் நீங்க பாலிசி எடுக்கிற நாளில் இருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்

- பாலிசியை எடுத்து இரண்டு வருஷக் காத்திருப்புப் பட்டியலையும், முன்-பின் நாட்களின் எண்ணிக்கையையும் படிங்க. இரண்டும் சேர்த்து இரண்டு பக்கம்தான்.
- ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல். டாக்டர் சீட்டு, லேப் ரிப்போர்ட், பில், எந்த மருந்து ஒத்துக்கலை என்ற குறிப்பு. அரிய நோய்களில் பழைய ரிப்போர்ட் டாக்டருக்கும் உதவும், க்ளெய்முக்கும் உதவும்.
- இன்சூரன்ஸ் தொடாத செலவுக்குன்னு தனிப் பணம். பஸ், லாட்ஜ், அட்மிஷனுக்கு முந்தைய டெஸ்ட், கடை அடைச்ச நாள். இவர் கையை விட்டுப் போனது ஐம்பத்து மூவாயிரம். உங்க வீட்டுக்கு அந்தத் தொகை எவ்வளவுன்னு கணக்குப் போடுங்க. மூணு மாச வீட்டுச் செலவு நல்ல தொடக்கம்.
- 'பெயர் தெரியும் வரை விற்க மாட்டோம்'னு கணவனும் மனைவியும் இன்னைக்கே பேசி முடிவு பண்ணுங்க. பயத்தில் இருக்கும்போது பேச முடியாது.

போன மாசம் அவர் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு வந்தார். கூடவே பையனும் வந்திருந்தான். மாத்திரை நிறுத்தியாச்சு, எரிச்சல் இல்லை, ஸ்கேனில் சுவர் பழைய நிலைக்கு வந்திருக்கு. திரும்பி வரலாம் என்பதால் சில மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடருது, அந்தச் செலவையும் மாச பட்ஜெட்டில் எழுதி வச்சிருக்கார். பையன் என் மேஜையில் இருந்த கால்குலேட்டரை எடுத்து அமுக்கிட்டு இருந்தான். போகும்போது அவர் ஒரு பையை வச்சுட்டுப் போனார். உள்ளே பத்துத் தேங்காய்.

"தோப்புல வெட்டினது சாரே"ன்னு மட்டும் சொன்னார்.

க்ளெய்ம் கடிதம் எப்படி எழுதுறது, டிஸ்சார்ஜ் சம்மரியில் என்னென்ன பார்க்கணும்னு நம்ம சேனல் வீடியோவில் ஒவ்வொண்ணா காட்டியிருக்கேன், பாருங்க. உங்க பாலிசியில் புரியாத வரி இருந்தா அப்படியே டைப் பண்ணிக் கேளுங்க. பாலிசி நம்பரையும் பிள்ளையின் பெயரையும் மட்டும் பொதுவில் போடாதீங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.